ஹார்டுவேர் கடை வரை நான் ஓட்டுவேன்

நான் மகளிரியல் படிக்கச் சேர்ந்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. சேலையூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், கோஆர்டினேட்டர் பதவி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும் என்றார்கள். எந்தப் பாடமானாலும் சரி. சனிக்கிழமை மட்டும் வகுப்பு நடத்துகிற படிப்பாகத் தேடியதில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இது ஒன்றுதான் அகப்பட்டது. நாற்பத்து நான்கு வயதில், வாட்டர் பாட்டிலும் டிபன் பாக்ஸுமாகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

படிப்பின் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி, தையலும் கேக் செய்வதும் சொல்லித் தருவார்களா என்று கேட்டார். பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவர், "வீட்ல சார் ஜாக்கிரதையா இருக்கணும் போலிருக்கே" என்று சிரித்தார். அந்த சார், அதாவது என் கணவர், அதை 'உன்னோட லேடீஸ் சப்ஜெக்ட்' என்பார். கிண்டலாகச் சொல்வதில்லை, அவருக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் நான் கிளம்பும் முன் அவரே பாத்திரம் தேய்த்து வைத்துவிடுவார். அவரைப் பற்றி இனிமேல் நான் சொல்லப்போவதை வைத்து யாரும் அவரைத் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடைபோடுவது எப்படி என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்கூட்டர். அது என்னுடையது. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில், ஒருபக்கம் லாரியும் ஒருபக்கம் தண்ணீருமாக இருக்கும்போதே ஓட்டிப் பழகியவள் நான். அவரிடமும் ஒரு பைக் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அவர் தொடர்ந்து இரண்டு முறை கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார், ஒரு முறை சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கவனமே இல்லை என்று நான் கத்தினேன். கண் மருத்துவமனைக்குப் போனபோது கண்ணுக்குள் பிரஷர் என்றார்கள். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. அதிலும் இடது பக்கம் மோசம். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பைக்கை விற்றுவிட்டோம். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகளுக்குத் தெரியாது. பீர்க்கன்கரணையில் இருக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கும் தெரியாது. "அப்பா தாங்க மாட்டார்" என்றார். நானும் சரி என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான்தான் அவரைத் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவே என் பின்னாலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மின்சார ரயிலுக்கு ஓடுவார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை, எனக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. ஞாயிறு மதியச் சாப்பாடு மாமனார் வீட்டில்தான். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். ஒருகாலத்தில் ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவர்கள், இப்போது நிலத்தை மனை போட்டு விற்றதுபோக நான்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அந்தப் பாதிப் பேரில் பாதிப் பேருக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். அவர்கள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் இறக்கியிருக்கும். சேலையூரிலிருந்து அதுவரை நான் ஓட்டுவேன். ஷட்டர் முன்னால் நிறுத்துவேன். இருவரும் இறங்குவோம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் உட்காருவார். நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பழப்பையை மடியில் வைத்து, ஒருபக்கமாகக் கால் போட்டுப் பின்னால் உட்காருவேன். அந்தத் தெருவில் வீடு வரைக்கும் அவர் ஓட்டுவார். திரும்பி வரும்போதும் அப்படித்தான். ஹார்டுவேர் கடை வரை அவர், அதற்குமேல் நான்.

அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் அவருக்கு இடது பக்கம் தெரியாதே. அதனால் நான் பின்னாலிருந்து அவர் காதருகில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவேன். இடதுபக்கம் நாய். கோலம் போட்டிருக்கிறது, பக்கத்தில் குழந்தை. ஆட்டோ நிற்கிறது, வலப்பக்கம் ஒதுங்குங்கள். வாசலில் நின்று பார்க்கும் என் மாமியார் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். "வண்டில வர்ற நேரத்துலகூட எம் புள்ள காதுல இன்னாவோ ஓதிகினேதான் வருவா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்துவைப்பேன்.

இது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. வகுப்பில்தான் வெளியே வந்தது.

எங்கள் பேராசிரியைக்கு என்னைவிட வயது குறைவு. தடிமனான புத்தகங்களை எல்லாம் ஒருபக்கம் தள்ளிவைத்துவிட்டு ஒரு சனிக்கிழமை, "ஏன் செய்யறோம்னு உங்களுக்கே தெரியாம நீங்க வாராவாரம் செய்யற ஒரு காரியம் சொல்லுங்க" என்றார். ஒரு நர்ஸ் எழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டை ஒற்றை ஆளாகச் சமாளிப்பாராம், வீட்டில் காஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறக்க மாமனாரைக் கூப்பிடுவாராம். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் வாய் தவறி நான் ஹார்டுவேர் கடையைச் சொல்லிவிட்டேன். கண் விஷயத்தைச் சொல்லவில்லை. அது சொல்வதற்கு இல்லையே. வண்டி என்னுடையது, நன்றாக ஓட்டுவேன், தெருமுனையில் இடம் மாற்றிக்கொள்வோம், அவ்வளவுதான் சொன்னேன்.

வகுப்பே பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் இரண்டு பேர் தாங்களும் அப்படித்தான் என்றார்கள். ஒரு பெண், "பொண்டாட்டி பின்னாடி உட்கார்ந்தா என்ன கிரீடம் இறங்கிடுமா அவங்களுக்கு?" என்றாள். என் கணவரைப் பார்த்தே இராத அவர்கள் அவரை ஒரு மீசை வைத்த மனிதராகக் கற்பனை செய்துகொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்படியில்லை, அவர் நல்லவர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் போன வாரம்தான், எல்லாப் பெண்களும் முதலில் இதைத்தான் சொல்வார்கள் என்று அதே வகுப்பில் பேசியிருந்தோம். வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் சொல்வது முழுக்கத் தப்பு என்றும் தோன்றவில்லை. கண் தெரியாதது மறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இடம் மாறுகிறோம் என்றால், 'இவர் அசதியா இருக்கார், நான் ஓட்டினேன்' என்று ஒரு பொய் சொன்னால் போதுமே. அது ஏன் இத்தனை நாளும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை?

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "முதல் தடவை அங்க நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஷட்டர் ஞாபகம் வருகிறது, வெயில் ஞாபகம் வருகிறது, யார் சொன்னது என்பது மட்டும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"நான் எப்ப நிறுத்தச் சொன்னேன்?" என்றார். "நீதான் நிறுத்துன. நிறுத்துனதும் நான் இறங்கினேன்."

"நீங்க சொல்லாம நான் ஏங்க நிறுத்தப் போறேன்?"

"எங்க அம்மா முன்னாடி ஓட்டிட்டு வர்றதுக்கு உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்."

"எனக்கா? உங்களுக்குச் சங்கடம்னு நான் நெனச்சுட்டு இருக்கேன்."

இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றது. அவர் ஒரு பூண்டுப் பல்லை உரித்து முடித்தும் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப நாளைக்கு நிறுத்த மாட்டேன்" என்றேன்.

"நிறுத்தாத" என்றார். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஷட்டரைத் தாண்டினேன். தாண்டும்போது வேகத்தைக் குறைத்தேனா கூட்டினேனா என்று கேட்டால் தெரியாது. பின்னால் இருக்கும் கம்பியை அவர் இறுக்கிப் பிடித்தது வண்டி முழுக்கத் தெரிந்தது. மாமியார் வாசல் குழாயடியில் வஞ்சிர மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"இன்னாடா இது? அவ ஓட்டிகினு வரா, நீ பின்னால குந்திகினு வர்ற? ஒடம்புக்கு இன்னா?"

"கால் வலிம்மா" என்றார் என் கணவர்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று நான் திகைத்து நிற்கும்போதே, மாமியார் மீன் கையைக் கழுவிக்கொண்டு தைலம் தேட உள்ளே போய்விட்டார். அன்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என் கணவரின் வலது காலுக்குத் தைலம் தேய்ப்பு நடந்தது. "ஆபீஸ்ல ஒக்காந்து ஒக்காந்து நரம்பு இழுத்துகினு கீது" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ இதெல்லாம் பாக்க மாட்டியா? படிப்பு படிப்புன்னு போயிட்டா அவனை யாரு பாக்கிறது?" என்று கேட்டார். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இல்லாத வலிக்கு நான் திட்டு வாங்கினேன். அது அவர் காதில் விழுந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

கை கழுவ எழுந்து போனபோது அவர் இடது காலை நொண்டினார். மாமியார் கவனிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் கவனித்தார். அதிகம் பேசாத மனிதர். வெற்றிலையை மென்றுகொண்டே மகனின் காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிளம்பும்போது வெளிச்சம் நன்றாகவே இருந்தது. வாசலில் சித்தப்பா வீட்டார், எதிர்வீட்டார் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் சாவியைக் கையில் எடுத்தேன்.

"வலி போயிடுச்சில்ல?" என்றார் மாமனார் மகனிடம். "வண்டிய நீ எடு."

அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் தெருவே அதைக் கேட்டது. என் கணவர் என்னிடம் கையை நீட்டினார். நான் சாவியைக் கொடுத்தேன்.

கொடுக்காமல் இருந்திருக்கலாம். அதைத்தான் இத்தனை நாளாக நினைத்துப் பார்க்கிறேன். 'இல்ல மாமா, நானே ஓட்டறேன்' என்று நான்கு வார்த்தை. பள்ளியில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், கரஸ்பாண்டென்டிடமே முகத்துக்கு நேரே பேசுகிறவள் நான். வார்த்தை தொண்டை வரைக்கும்கூட வரவில்லை. ஹார்டுவேர் கடை வரைதானே என்று நினைத்தேன்.

தெருவில் வழக்கம்போல ஓதினேன். நாய், சைக்கிள், மணல் குவியல். ஷட்டர் வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் நிறுத்தாமல் திரும்பினார்.

"ஏங்க" என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லவில்லை.

ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்துவிட்டோம். ஞாயிறு சாயங்காலம் ஊருக்குப் போய்த் திரும்புகிற கார்களும் பஸ்களும் பெருங்களத்தூரிலிருந்தே முட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. அவர் சாலையின் ஓரமாக, மெதுவாக ஓட்டினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தேன். ஷேர் ஆட்டோ நிற்கிறது. அம்மா ஒருத்தர் இறங்குகிறார். பஸ் உள்ளே வருகிறது, விட்டுவிடுங்கள். பயந்து செத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. பைக்கை விற்றதிலிருந்து அந்த முதுகை நான் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போன அதே முதுகு. வாராவாரம் அந்தத் தெருவில் கிடைத்த கொஞ்ச தூரம்தான் அவருக்கு மிஞ்சியிருந்த ஓட்டம் என்பதும், அன்று காலை நான் அதைத் தாண்டிப் போனபோது அவரிடமிருந்து எதைப் பறித்தேன் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதே சமயம், அதற்கு விலையாக எங்கள் இருவர் உயிரையும், ரோட்டில் போகிறவர்கள் உயிரையும் வைக்க வேண்டுமா என்ற கேள்வியும் மண்டைக்குள் கத்திக்கொண்டிருந்தது. 'நிறுத்துங்க' என்பது ஒரே சொல். இடது, வலது, ஆட்டோ, பஸ் என்று எல்லாச் சொல்லும் வந்தது. அது மட்டும் வரவில்லை.

இரும்புலியூர் தாண்டுவதற்குள் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. நான் அந்த நேரம் பின்னால் வந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தவறிவிட்டேன். உரசி, இரண்டு வண்டியும் சாய்ந்து, இருவரும் காலை ஊன்றி நிறுத்தினார்கள். நல்ல வேளை, யாரும் விழவில்லை. அந்த வண்டியின் கண்ணாடி மட்டும் முறுக்கித் திரும்பிக்கொண்டது. ஓட்டி வந்தவள் கல்லூரிப் பெண். என் மகள் வயதிருக்கும்.

"பாத்து வர மாட்டீங்களா அங்கிள்? ஹாரன் அடிச்சுக்கிட்டேதான வந்தேன்!"

என் கணவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்பார், இல்லை கால் வலி என்பார்.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதும்மா" என்றார். "கண்ணுல பிரச்சனை. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். என் தப்புதான்."

பெற்ற தாயிடம் சொல்லாததை, பெற்ற மகளிடம் சொல்லாததை, ரோட்டோரத்தில் முகம் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிட்டார். அவள் கோபம் அப்படியே இறங்கிப்போனது. என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க ஓட்டலாமே ஆன்ட்டி? உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியும் என்று சொன்னால், தெரிந்தும் பின்னால் உட்கார்ந்து வந்தவள் ஆகிவிடுவேன். தெரியாது என்றால், அவர் வேறு வழியில்லாமல் ஓட்டியவர் ஆகிவிடுவார். இவ்வளவு கணக்கும் போட்டுத்தான் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. மூச்சு விடுவதுபோல வந்தது. காலையில் கால் வலி அவருக்கு வந்ததே, அதேபோல. அவர் உண்மையைச் சொல்லி முடித்த இடத்தில் நான் பொய் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"பொய்ம்மா" என்றார் அவர் அந்தப் பெண்ணிடம். "வண்டியே அவளோடதுதான். என்னைவிட நல்லா ஓட்டுவா."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பைத்தியங்களா என்று நினைத்திருப்பாள். "அப்புறம் ஏன் ஆன்ட்டி?" என்றாள். நான் அவரைப் பார்த்தேன், அவர் முறுக்கிய கண்ணாடியைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு, "நீங்க எடுங்க. நீங்க ஓட்டறத நான் பாத்துட்டுப் போறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

சாவி வண்டியிலேயே இருந்தது. இடம் மாறினோம். என் சொந்த வண்டியை, லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டுகிறவள்போல, அவள் பார்க்கப் பார்க்கக் கிளப்பினேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நேரானது. முகமெல்லாம் எரிந்தது. யார்மேல் கோபம் என்று பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை.

கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"இனிமே மறைக்க வேணாம். அம்மாகிட்ட சொல்லிடணும்."

"ம்" என்றேன். இத்தனை வருடப் பாரம் ஒன்று இறங்கியதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"நீயே சொல்லிடு" என்றார். "நீ சொன்னா பக்குவமா சொல்லுவ."

"சரி" என்றேன்.

சிக்னல் விழுந்து, வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சொன்னதும் மாமியார் முதலில் கேட்கப்போகும் கேள்வி, 'ஏம்மா எங்ககிட்ட மறைச்ச?' என்பதாகத்தான் இருக்கும். அதை அவர் தன் மகனிடம் கேட்க மாட்டார்.